மேற்குக் கரைச் சூரை

நல்லாப் பாத்துட்டீங்களா தம்பி? கம்ப்ரசர் ஓடுது, கேஸ் இருக்கு, ஃப்ரீசர்ல ஒரு கோளாறும் இல்லைங்கிறீங்க. அப்புறம் ஏன் உள்ள இருந்ததெல்லாம் அழுகிப் போய்க் கிடக்கு? மூடியத் திறந்ததும் நீங்களே மூக்கப் பொத்திக்கிட்டீங்க. ஊருக்குப் போய்ட்டு லீவு முடிஞ்சு வந்து திறந்தவ நான், எனக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆமா, மீன்தான். சூரை. அதுலயும் சின்ன ரகம். சாப்பிடவா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஒவ்வொரு குப்பியிலயும் ஒரு மீனோட சதை, நகத்தளவுதான் இருக்கும். ஸ்பிரிட்ல போட்டு வெச்சிருந்தா தப்பிச்சிருக்கும். கேட்டேனே. அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்னாங்க. அதுவரைக்கும் கெடாம இருன்னு மீன்கிட்ட யார் சொல்றது? சிரிக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது.

அந்தத் துண்ட வெச்சு, எந்த மீன் எந்த மீனுக்குச் சொந்தம்னு கண்டுபிடிச்சிடலாம். உள்ளுக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற குடும்பம் மாதிரி ஆயிடுச்சா, ஒரு நோய் வந்தா தாங்குமான்னுகூடப் பாக்கலாம். எங்க ஆராய்ச்சியில கேள்வி ஒண்ணுதான். கிழக்குக் கரைச் சூரையும் மேற்குக் கரைச் சூரையும் ஒரே கூட்டமா, வேற வேறயா? ஒரே கூட்டம்னா, மேற்குல வழிச்சு எடுத்தாலும் கிழக்குலேர்ந்து வந்து நிரம்பிடும்னு இஷ்டத்துக்குப் பிடிக்க விடுவாங்க. வேற வேறன்னா, மேற்குல தீந்தா தீந்ததுதான். அப்புறம் அந்தப் படகுக்காரங்க வாயில மண்ணுதான்.

இந்த ஆராய்ச்சிக்குத் தலைவரா ஒருத்தர் இருக்காரு. போன வருஷம் மேற்குக் கரைக்கு மீன் எடுக்கப் போனாரு. படகு விடியக்காலையில வரும். யாரு எழுந்திரிக்கிறது? வெயில் ஏறினப்புறம் டவுன் மார்க்கெட்டுக்குப் போய்க் கூடையோட வாங்கிட்டு வந்துட்டாரு. அந்த மார்க்கெட்டுக்கு மீன் கிழக்குலேர்ந்து ஐஸ் லாரியில வருது தம்பி. கிழக்கு மீனையும் கிழக்கு மீனையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரே கூட்டம்னு வராம வேற என்ன வரும்? அத மேடையேறிப் பேசி, மாலை போட்டுக்கிட்டு, பெரிய நாற்காலியும் வாங்கியாச்சு.

சொல்லாம இருப்பேனா? தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். உனக்கு என்னைக் குறை சொல்லலேன்னா தூக்கம் வராதேன்னாரு. சரின்னு நானே கிளம்பிப் போனேன். மழையில கரையில நின்னு, படகு வந்து தட்டினதும் ஏறி, வலையிலேர்ந்து என் கையால எடுத்த மீன் இது. மேற்குக் கரை மீன்தான்னு சத்தியமே பண்ணுவேன். இந்த வாரம் சோதனைக்குப் போட்டிருப்பேன். இனி சூரை அடுத்த பருவத்துக்குத்தான் வரும். அதுக்குள்ள ரெண்டு கரைக்கும் ஒரே சட்டம்னு போட்டு முடிச்சிடுவாங்க.

இருங்க, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க, நான்தான் விடல. சுவிட்சா? நீங்க போட்டப்புறம்தான் ஓடுதா? அது மேல டேப் ஒட்டியிருந்தேனே, யாரும் கை வெக்கக் கூடாதுன்னு. அப்படியே இருந்துச்சா? நீங்க உரிச்சீங்களா? அப்ப யாரோ அணைச்சிட்டு, திரும்ப ஒழுங்கா ஒட்டியிருக்காங்க. துடைப்பம் பட்டு அணைஞ்சதுன்னா டேப்ப யாரு ஒட்டினது?

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க தம்பி. மேல டைரக்டர் ரூம் வரைக்கும் வந்து, பாத்தத அப்படியே சொல்லிடுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். இல்லாட்டி, பாவம், பெருக்குற அக்கா தலையில கட்டிடுவாங்க.

நான் சொன்னா எடுபடாதுங்க. இந்த ரூமுக்கு ரெண்டே சாவி, ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு அந்தத் தலைவர்கிட்ட. நான் வாயத் திறந்தா, புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டோட வெச்சுக்கம்மான்னுடுவாங்க.