கைக்கு வராத பிள்ளை

— பாத்தீங்களா டாக்டர்? நீங்க தூக்கினீங்க, ஒரு சத்தம் இல்ல. இதத்தான் சொல்ல வந்தேன். என் கைன்னாதான் அவனுக்கு ஆகாது.

— இருங்கம்மா, இப்பதான் மேசையில கிடத்தியிருக்கேன். பொறந்து ஒரு மாசம். அதுக்குள்ள வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பிரிச்சு வச்சுட்டானா? சரி, கூட வந்திருக்கிற இவங்க யாரு, பாட்டியா?

— ஐயோ டாக்டரம்மா! ரெண்டு நரை தெரிஞ்சிடக் கூடாதே, பாட்டியாக்கிடுவீங்களே. நான் அத்தை. இவ புருஷனோட கூடப்பொறந்த அக்கா. பிரசவத்துக்கு ஒத்தாசையா வந்தேன், இன்னும் கிளம்பின பாடில்ல.

— கோவிச்சுக்காதீங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. தூக்கினா என்ன பண்றான்?

— வீல்னு கத்துறான் டாக்டர். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுட்டான். நான் மாசமா இருந்தப்பவே எல்லாம் படிச்சு வச்சிருந்தேன். குழந்தைய நெஞ்சோட சேத்துத் துணியில கட்டிக்கணும், கீழயே விடக் கூடாது, அம்மா சூட்டுலயே வளரணும்னு. அதுக்குன்னே நீளமா ஒரு பருத்தித் துணி வாங்கி, தலகாணிய வச்சுக் கட்டிப் பழகினேன்.

— தலகாணி ரொம்ப சமத்து டாக்டரம்மா. வீடு பூரா அதத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா. என் தம்பி ஒரு நாள் தலைக்கு வைக்க அத எடுத்துட்டான், அவன ஒரு வழி பண்ணிட்டா.

— அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்களேன். இவன எடுத்துக் கட்டினா, டாக்டர், தொண்டை கிழியக் கத்துறான். கீழ போட்ட உடனே நிறுத்திடுறான். உரை மருந்து, வசம்பு எதுவும் கிடையாது, தாய்ப்பால் மட்டும்தான். வயித்து வலியும் இல்ல. கீழ கிடந்தா கால ஆட்டிக்கிட்டு சிரிச்ச முகமா இருக்கான். நான் தூக்கினாதான் அழுக.

— யார்கிட்டயாவது கேட்டீங்களா?

— ஃபோன்ல ஒரு குழு இருக்கு. இயற்கை முறையில பிள்ளை வளக்குற அம்மாக்கள் எல்லாம் அதுல இருக்காங்க. கேட்டேன். அத நடத்துறவங்க சொன்னாங்க, 'உங்க மனசுல எங்கயோ ஒரு தயக்கம் இருக்கு. அது குழந்தைக்குத் தெரியுது. அதான் உங்கள ஏத்துக்க மாட்டேங்குது'ன்னு.

— நேர்ல வந்து பாத்தாங்களா?

— இல்ல.

— பாக்காமயே இவ மனசுக்குள்ள எட்டிப் பாத்துட்டாங்க டாக்டரம்மா. அன்னிலேருந்து சரியா சோறு திங்கல இவ.

— அவங்க சொன்னதுல என்ன தப்பு அண்ணி? நான் குளிக்கப் போனா நீங்கதானே தூக்கித் தூங்க வைக்கிறீங்க? வந்து பாத்தா உங்க பக்கத்துல சொகமா தூங்குறான். டாக்டர், நான் முடிவே பண்ணிட்டேன். ஆறு மாசம் லீவு போட்டிருந்தேன். திங்கக்கிழமையே வந்துடுறேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். இவன் அண்ணி கூட அவங்க ஊருக்குப் போகட்டும். அவனுக்குப் பிடிச்ச கையில வளரட்டும். உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, நாளைக்கு அனுப்பிடுவேன்.

— அழாதீங்க. முதல்ல கண்ணத் தொடைங்க. பிரசவம் எப்படி ஆச்சு?

— சுகப்பிரசவம்தான். ஆனா நாலு கிலோ இருந்தான். தலை வந்துடுச்சு, தோள் மாட்டிக்கிச்சு. ரெண்டு மூணு பேர் சேந்து பாடுபட்டுத்தான் வெளிய எடுத்தாங்க.

— ஓ. சரி, சட்டையக் கழட்டுறேன். வாடா பெரிய மனுஷா. இந்தப் பக்கம் நல்லாருக்கு. இந்தப் பக்கம்... ம்...

— என்ன டாக்டர்? அங்க என்ன தடவிப் பாக்குறீங்க?

— உங்க விரலக் கொண்டாங்க. கழுத்துலேருந்து தோளுக்கு ஒரு எலும்பு போகுது பாருங்க, அது மேல. மெதுவா.

— ஐயோ! கட்டி! கல்லு மாதிரி இருக்கு. அண்ணி, பிள்ளைக்குக் கட்டி இருக்கு அண்ணி!

— ஐயையோ! டாக்டரம்மா, என்னதும்மா அது? பச்சப் பிள்ளைக்கு!

— ரெண்டு பேரும் உக்காருங்க. உக்காருங்கன்னு சொன்னேன். அது கெட்ட கட்டி எதுவும் இல்ல. பொறக்கும்போது இந்த எலும்பு உடைஞ்சிருக்கு. தோள் மாட்டிக்கிட்ட பெரிய குழந்தைங்களுக்கு இப்படி ஆகுறதுண்டு. உடைஞ்சது ஒட்டும்போது இந்த மாதிரி ஒரு முடிச்சு விழும். நல்லா ஒட்டியிருக்கு. நான் அழுத்துறேன், அவன் கொட்டாவி விடுறான், பாருங்க.

— உடைஞ்சுதா? நான் துணியில இறுக்கிக் கட்டினதாலயா டாக்டர்?

— இல்லவே இல்ல. வீட்டுக்கு வந்த அன்னிக்கே கத்தினான்னு நீங்கதானே சொன்னீங்க? பொறக்கும்போதே உடைஞ்சது. தூக்கினப்ப, கட்டினப்ப எல்லாம் அந்த இடம் அசைஞ்சு வலிச்சிருக்கு. கீழ போட்டா அசைவு இல்ல, வலியும் இல்ல. இவ்வளவுதான் விஷயம். உங்கள அவனுக்குப் பிடிக்காம இல்லம்மா. வலி தாங்கல.

— வலியா?

— வெறும் வலி. உங்க தயக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

— மாவுக்கட்டு போடணுமா? மருந்து?

— எதுவும் வேணாம். நீங்க சொன்ன இயற்கை முறை இதுதான். தானா உடைஞ்சுது, தானா ஒட்டிக்கிச்சு. இருங்க, கை தட்டுறேன்... பாத்தீங்களா, திடுக்கிட்டு ரெண்டு கையையும் ஒரே மாதிரி விரிக்கிறான். நரம்புக்கும் பழுதில்ல. கடைசியா எப்ப தூக்கினீங்க?

— ரெண்டு வாரம் இருக்கும். அழ வைக்க மனசு வரல. பக்கத்துல படுத்துக்கிட்டேதான் பால் குடுப்பேன். குளிப்பாட்டும்போது கத்துவான், எல்லாப் பிள்ளையும் கத்துறதுதானேன்னு விட்டுட்டோம். இன்னிக்குக் கூட மெத்தையில வச்சுத்தான் கொண்டு வந்தோம்.

— நானா இருந்தாலும் அதத்தான் பண்ணச் சொல்லியிருப்பேன். அந்த ரெண்டு வாரத்துல வலி போயிடுச்சு. அது தெரியாம நீங்க தூரமா உக்காந்து அழுதுக்கிட்டு இருந்திருக்கீங்க. ம், தூக்குங்க.

— இப்பவா?

— பின்ன, நல்ல நேரம் பாக்கணுமா? தூக்குங்கம்மா.

— வாடா... வாடா என் தங்கம்... அண்ணி! அழல அண்ணி! சட்டையப் பிடிச்சு இழுக்குறான் பாருங்க! கழுத்துல மூஞ்சிய வச்சுத் தேய்க்கிறான்! அப்பாடா... டாக்டர், இத்தன நாளும் நெஞ்சுல பாறாங்கல்ல வச்ச மாதிரி இருந்துச்சு. இப்பதான் எனக்கு மூச்சே வருது.

— நல்லா விடுங்க மூச்ச. துணியில கட்டிக்கணும்னாலும் தாராளமாக் கட்டிக்கோங்க, மூக்கு மூடாமப் பாத்துக்கிட்டா போதும்.

— கட்டிக்குவேன், எறக்கவே மாட்டேன். ஆனா டாக்டர், ஒண்ணு மட்டும் புரியல. வலின்னா யார் தூக்கினாலும்தானே வலிக்கும்? அண்ணி கையில மட்டும் எப்படி அழாம இருந்தான்?

— அதுக்கு வைத்தியத்துல பதில் இல்ல. நீங்க பேசிக்கிட்டு இருங்க, நான் அடுத்த குழந்தைய ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன்.

— அண்ணி?

— என்னமோ போ. எனக்கென்ன தெரியும்? கைராசி கைராசின்னு சொல்லுவாங்கள்ல...

— அண்ணி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— எங்கிட்டயும் அழுதான்டி. நீ குளிக்கப் போன மொத நாளே தூக்கினேன், அந்தக் கத்து கத்தினான். குழாய்ச் சத்தத்துல உனக்குக் கேக்கல. பதறிப் போய்க் கீழ போட்டுட்டேன், வாய மூடிக்கிட்டான். அதுக்கப்புறம் நான் தூக்கவே இல்ல, பக்கத்துல படுத்துத் தட்டிக்கிட்டுக் கிடந்தேன். நீ தலையத் துவட்டிக்கிட்டு வந்து, 'உங்ககிட்ட மட்டும் எப்படி அண்ணி?'ன்னு ஏக்கமா ஒரு பார்வ பாத்தே. என்னைய யாரு அப்படிப் பாத்திருக்கா, சொல்லு? புள்ள இல்லாதவளப் பாத்து யாருக்குப் பொறாம வரும்? உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

— ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் சொன்னப்ப கூடவா?

— அப்ப ஆசப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசப்பட்டேன். ஆனா பெட்டியில அவன் சட்டைய மடிச்சு வைக்கும்போது கை ஓடல. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்னு நான் ஏன் ஒத்தக் கால்ல நின்னேன்னு நெனைக்கிறே? அழுகைக்குக் காரணம் நீ இல்லன்னு இந்த உலகத்துலயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அத என் வாயால சொல்லத்தான் துப்பில்ல. திட்டுறதுன்னா திட்டிடு.

— வீட்டுக்குப் போய் நல்லா திட்டுறேன், திங்கக்கிழமை ஆபீஸ் போகல, லீவுல பாக்கி அஞ்சு மாசம் இருக்கு. இப்ப கைய நீட்டுங்க. நீங்களும்தான் இன்னும் இவன ஒரு தடவ கூட ஒழுங்காத் தூக்கல.