பதினைந்து கீறல்கள்

பழைய சாமான் கடையில் எதையும் துடைத்துப் பளபளப்பாக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார். அழுக்குக்குத்தான் மதிப்பு. பித்தளை கறுத்திருக்க வேண்டும், மரம் மங்கியிருக்க வேண்டும். கடையில் பளிச்சென்று இருப்பது நான் ஒருத்திதான் என்று கிண்டல் செய்வார். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "டிகிரி, இங்க வா" தான்.

உட்காரச் சொல்கிறீர்கள். நின்றுகொண்டே சொல்கிறேனே. இரண்டு நாளாக என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

சரித்திரம் படித்தவள் நான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள். கடையில் என் வேலை ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதுவது. இந்த நாற்காலி எந்தப் பிரபு வீட்டில் கிடந்தது, இந்த விளக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று. பாதிக்கு மேல் பொய். "கதை இல்லாத சாமான் வெறும் விறகு, டிகிரி" என்பார். இதற்கா படித்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன்.

அப்பா மூட்டை தூக்கியவர். நான் ஒவ்வொரு வகுப்பு தேறும்போதும் எங்கள் மரப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஆணியால் ஒரு கீறல் போடுவார். அவருக்குத் தெரிந்த எழுத்து அதுதான். நான் பட்டம் வாங்கியபோது பதினைந்து கீறல்கள். அடுத்த மாதமே போய்விட்டார்.

அந்தப் பெட்டி கடைக்கு வந்தது. முதலாளி மூடியைத் திறந்து கீறல்களைத் தடவிப் பார்த்தார்.

"என்ன இது? எவனாவது ஜெயில்ல உக்காந்து வருஷம் எண்ணினானா?"

சொன்னவருக்கே அது பிடித்துப்போயிற்று. சிறையில் கிடந்த ஓர் இளவரசன் என்று அட்டை எழுதச் சொன்னார். எழுதினேன்.

"பதினஞ்சு பத்தாதும்மா. இருபதுன்னா வாங்க வர்றவன் கண்ணுல தண்ணி வரும். இன்னும் அஞ்சு இழுத்துடு."

புதுக் கீறல் வெளுப்பாகத் தெரியும். அதை மறைக்கத்தான் கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத புகையறை. தட்டில் அம்மோனியாவை ஊற்றி, சாமானை உள்ளே வைத்து, வெளியே தாழிட்டால் இரண்டு நாளில் மரத்துக்கு நூறு வயது கூடும். உள்ளே போக முகமூடி உண்டு. முதலாளி போடமாட்டார். "மூச்ச அடக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு இந்தத் தொழில்?" என்பார். ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருவார்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைப் பார்க்க உள்ளே போனார். நான் கதவைத் தாழிட்டேன். புகை வெளியே வரக்கூடாது என்பது அவர் போட்ட விதி. தட்டினார். எண்ணினேன். பதினைந்தோடு நிறுத்தினால் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். அவர் நிறுத்தவில்லை.

சத்தம் அடங்கியபின், கைரேகை போகட்டும் என்று தாழ்ப்பாளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். அங்கேதான் கோட்டைவிட்டேன். கடை முழுக்கக் கறுத்த பித்தளை, அது ஒன்று மட்டும் தங்கம் மாதிரி. உங்கள் ஆள் முதலில் அதைத்தான் பார்த்தார்.

நேற்று அம்மா இந்த ஸ்டேஷனுக்கு வந்தாள். என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. "பெட்டி எங்கடி? பாலிஷ் போட்டுத் தரேன்னுதானே தூக்கிட்டுப் போன?" என்றாள். நாங்கள் குடிபோன புது வீட்டில் அதை வைக்க இடமில்லை. வருகிறவர்கள் கண்ணில் வேறு படும், விற்றுவிட்டேன்.

அந்த ஐந்து கீறல்களைப் பற்றிக் கேட்டீர்கள். முதலாளிக்குக் கைநடுக்கம், ஆணி நிற்காது. பிடித்தது நான்தான். அப்பா போட்டது எது, நான் போட்டது எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் போடச் சொன்னவர் அவர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.