பதினொன்று முதல் பன்னிரண்டு வரை

மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைக்கக் கூடாது சார். இது நிறையப் பேருக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸிலும் தெரியாமல்தான் இருந்தது. மதியம் யாராவது சாப்பாட்டைச் சூடு பண்ணினால் போதும், நெட் படுத்துவிடும். எல்லோரும் இணைப்பு கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாரம் கவனித்தேன். பிறகு ரவுட்டரைக் கழற்றி எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினேன். அவ்வளவுதான் வேலை. விசாரிக்க வந்த நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் ஒழுங்காக வரும்.

எங்களுடையது ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை தரும் சின்ன ஆபீஸ். சுற்றுவட்டாரத்துச் சிறிய ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின் இருக்கும், படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர் இருக்க மாட்டார். படம் எங்களுக்கு வரும். டாக்டரம்மா உள்ளறையில் பார்த்துச் சொல்வார். டைப்பிஸ்ட் அக்கா அடித்து அனுப்புவார். மீதி எல்லாம் நான். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஏசி, பூட்டு, சாவி, குடிக்கிற தண்ணீர்.

ரவுட்டரை இடம் மாற்றிய அன்று டாக்டரம்மா உள்ளறையிலிருந்து எழுந்து வந்து, "நீங்க இல்லேன்னா இந்த ஆபீஸ் ஒரு நாள் ஓடாதுப்பா" என்றார். அக்கா எனக்காகத் தனியாக டீ வரவழைத்தார். சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போக வந்த அவர் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். வாசலில் நின்று, "என்ன மாப்ளே, பெரிய ஆளாயிட்டீங்களாமே" என்று சத்தமாகச் சிரித்தார். எனக்கும் அவருக்கும் ஒரு உறவும் கிடையாது. வாயில் வந்ததைச் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷர். ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன் சார். யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு மூன்று மாதம் ஒன்றும் பழுதாகவில்லை. நெட் நன்றாக ஓடியது. என்னிடம் தண்ணீர் கேன் வந்ததா என்று மட்டும் கேட்டார்கள்.

ரவுட்டரில் ஒரு வசதி உண்டு. எந்தக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு வேகம் என்று வரம்பு வைக்கலாம். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்றும் குறித்துவிடலாம். எங்கே இருந்தாலும் போனிலிருந்தே மாற்றவும் செய்யலாம். பிள்ளைகள் எந்நேரமும் விளையாட்டில் கிடக்காமல் இருக்கப் பெற்றோருக்காக வைத்தது. நான் டாக்டரம்மாவின் கம்ப்யூட்டருக்கு வைத்தேன். செவ்வாய், வெள்ளி, பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. அவசரப் படங்கள் அந்த நேரத்தில் அதிகம் வராது. அதையெல்லாம் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை நான்.

பதினொன்றரைக்குக் கூப்பிடுவார்கள். நான் மேஜைக்கு அடியில் நுழைவேன். ஸ்டூல் போட்டு ஏறி ரவுட்டரைத் துணியால் துடைப்பேன். அதன் கொம்புகளை அப்படி இப்படித் திருப்புவேன். "பக்கத்து ஆபீஸ்காரங்க சிக்னல் இடிக்குதும்மா, சேனலை மாத்தறேன்" என்பேன். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து இரண்டு தட்டு. வரம்பு போய்விடும். படம் சட்டென்று விரியும்போது டாக்டரம்மா விடுகிற பெருமூச்சு இருக்கிறதே, அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை அவரே கேட்டார், "வயர்லெஸ் வேண்டாம்ப்பா, என் ரூமுக்கு ஒரு கேபிள் இழுத்துடலாமே?" சுவரைத் துளைக்க வேண்டும், கட்டடக்காரர் விடமாட்டார் என்றேன். துளை ஏற்கெனவே இருந்தது, ஏசி குழாய் போகிற துளை. இருபது மீட்டர் நீலக் கேபிளும் என் இழுப்பறையில் இருந்தது. இப்போதும் இருக்கும், பிரிக்காமல். போனால் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் லீவு. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. லீவு போட்ட அவசரத்தில் வரம்பை எடுக்க மறந்துவிட்டேன் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். அது பொய். மறக்கவில்லை. நான் இல்லாத நாளில்தான் என் அருமை தெரியும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

பதினொன்று பத்துக்கு முதல் போன் வந்தது, டாக்டரம்மா. நான் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரில் இருந்த பெரியவர், "எடுங்களேன், ஏதோ அவசரம் போல" என்றார்.

"ஆபீஸ்தாங்க. நான் இல்லாம அங்க ஒண்ணும் ஓடாது" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது உங்களிடம் அதை ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

எட்டாவது தடவை டைப்பிஸ்ட் அக்கா கூப்பிட்டார். எடுத்தேன். மணி பதினொன்று நாற்பது.

"தம்பி, படம் திறக்கவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரோட படம் தம்பி. பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கினவரு அப்படியே விழுந்துட்டாராம். மூளைல ரத்தம் கசியலைன்னு அம்மா பாத்துச் சொன்னாத்தான் அங்க அடைப்பைக் கரைக்கிற ஊசி போடுவாங்களாம். ஏதாவது பண்ணுங்க தம்பி."

அந்தப் படங்களைத் திறக்கிற மென்பொருள் டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அது தெரியும். போனில் இரண்டு தட்டுத் தட்டினால் மிச்சப் படம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும், அதுவும் தெரியும். ஆனால் அப்படித் தானாகச் சரியானால் யார் சரிபண்ணியது என்று தெரியாமல் போய்விடும். இந்த ஒரு யோசனைதான் அப்போது என் தலைக்குள் இருந்தது. வேறு ஏதாவது இருந்திருக்கும் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன் சார். இல்லை.

"ரவுட்டரை ஆஃப் பண்ணுங்கக்கா. ஒரு நிமிஷம் விட்டுட்டு ஆன் பண்ணுங்க" என்றேன்.

"முக்கால்வாசி வந்துடுச்சுன்னு அம்மா சொல்றாங்களே. ஆஃப் பண்ணலாமா?"

"நான் சொல்றதைச் செய்யுங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

ஆஃப் செய்தார். வந்திருந்த முக்கால்வாசியும் போனது. ரவுட்டர் மறுபடி எழுந்து நிற்க நாலு நிமிஷம். அதன்பிறகு வரம்பை எடுத்தேன். படம் முதலிலிருந்து இறங்கியது, வேகமாகவே இறங்கியது. பதினொன்று ஐம்பதுக்கு டாக்டரம்மா பார்த்தார், கசிவு இல்லை, உடனே ஊசி போடுங்கள் என்றார். போட்டார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. அரை மணி முன்னால் போட்டிருந்தால் நிலைமை வேறு என்று அந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

மறுவாரம் பார்க்கப் போனேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க போன்ல சொல்லிக் குடுத்ததாலதான் தம்பி இந்த அளவுக்காவது இருக்காரு. உங்களை நாங்க மறக்கவே மாட்டோம்" என்றார். பஸ்காரர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. 'மா' என்று ஆரம்பிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தாமதத்துக்கு யார் காரணம் என்று விசாரிக்க நிர்வாகம் ஒரு கமிட்டி போட்டது. நெட் மெதுவாக இருந்தது என்று டாக்டரம்மா சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள். அன்றைய நெட் வேகக் கணக்கை அச்செடுத்துக் கொடுத்தேன். ஆபீஸுக்கு வந்த மொத்த வேகம் சரியாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் வரம்பு இருந்ததை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவையும் யாரும் கேட்கவில்லை. நெட் சரியாக இருந்ததென்றால் டாக்டரம்மாதான் இருக்கையில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெளியே வந்தபோது அவர் என்னிடம், "உங்க மேல தப்பு இல்லப்பா, நீங்க லீவுலதானே இருந்தீங்க" என்றார். இதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவர் மேல் தப்பில்லை. படத்தைப் பிடித்துவைத்தவன் நான். போனை எடுக்காதவன் நான். வந்ததையும் அழிக்கச் சொன்னவன் நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டாக்டரம்மாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காவிடமும் யாராவது சொல்லிவிடுங்கள், என்னால் முடியவில்லை.

இன்னும் ஒன்று. ஆபீஸில் புது ரவுட்டர் மாட்டியிருக்கிறார்களாம். மாட்டின இடம் சரியில்லை என்று கேள்விப்பட்டேன், மறுபடியும் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே. ஏதாவது தொந்தரவு வந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள் சார். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.