பக்கந்தான், நடந்தே போய்விடலாம்

ஜீப் அனுப்பியிருக்க வேண்டியதில்லை, ஐயா. ஸ்டேஷன் எங்கள் தெருவிலிருந்து பக்கந்தான். சொல்லியனுப்பியிருந்தால் நடந்தே வந்திருப்பேன். தெரு முனையில் போட்டிருக்கும் சங்கிலிக்கு வெளியே ஜீப் நின்றதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அது ஒன்றுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். பேச்சில் முன்னதும் பின்னதும் மாறிவிடும் என்பதால் எழுதித் தருகிறேன். வாலாஜாபாத்தில் ஒரு சின்னப் பள்ளியில் படித்தவன் நான். எங்கள் தமிழ் வாத்தியார் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தார்: முதலில் யார் என்று சொல், பிறகு என்ன வேண்டும் என்று சொல், கெஞ்சாதே. பிறகு அங்கேயே ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

என் பெயர் வீரபத்திரன். இறந்துபோனவள் என் மனைவி ரேணுகாம்பாள்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. பால், பூ, காய்கறி, தபால் நிலையம், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம். ஒரு முனை பெரிய ரோட்டில் சேரும். மறுமுனை கோயில் மதிலை ஒட்டிய சந்தாகக் குறுகிவிடும். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகலாம். காலையில் நெசவுக்காரர்கள் தெரு நடுவே பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்து, இடுப்பு உயரத்தில் கழிகளில் தாங்கி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதுவரை நாங்கள் சுவரோரமாக நடப்போம். பாவுக்கு அடியில் குனிந்து போகும் வழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை.

புடவை வாங்க வருகிறவர்களின் கார்கள் உள்ளே நுழைந்து பாவை அறுத்துவிட்ட காலம் உண்டு. நான்தான் மனுமேல் மனு எழுதி ரோட்டு முனையில் சங்கிலி போட வைத்தேன். பூட்டின் சாவியை என்னிடமே கொடுத்தார்கள். "சார்கிட்ட இருந்தா சாமிகிட்ட இருந்த மாதிரி" என்று தறிக்காரர் கதிர்வேல் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். நான் பிறந்தது பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூரின் காலனியில். அந்த ஊரில் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெரு ஒன்று இருந்தது. என் அப்பா அதில் நடக்காமலே இறந்துபோனார். இங்கே கோயில் தெருவில் சொந்த வீட்டிலிருந்து செருப்புக் காலோடு இறங்கி நடக்கிறேன். நாலு பேர் "வணக்கம் சார்" என்கிறார்கள். வேறு எதுவும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

என் மகன் சந்தோஷ்குமார் செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். அகலமான ரோடு, வாசலில் கார். அங்கே பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். எங்களையும் அழைத்துக்கொண்டே இருந்தான். ரேணுகாவுக்குப் போக ஆசை, பேரக்குழந்தை இருக்கிறது. பழைய பெட்டியில் தன் புடவைகளை அடுக்கி வைத்துவிட்டாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

சென்ற மாதம் அவளுக்கு ஒருமுறை மார் வலித்தது. மறுநாள் சந்தோஷ் வந்து நின்றபடியே பேசினான்.

"யப்பா, உன் தெருவுல பொணம் தூக்கணும்னாகூட பாவு சுருட்டற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும்பா."

"பொணத்துக்கு இன்னா அவசரம்?" என்றேன். ரேணுகா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இன்னொரு தரம் அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஆம்புலன்ஸு கீம்புலன்ஸுன்னு காதுல விழுந்துச்சு, அப்புறம் உன்னைக் கேக்கமாட்டேன். ரெண்டு பேரையும் ஏத்திக்கினு போய்ட்டே இருப்பேன். வீட்டையும் வித்துடுவேன்."

"சரி" என்றேன். நியாயமான பேச்சுதான். ஆம்புலன்ஸ் வந்தால் நான் போக வேண்டும். வராவிட்டால் போக வேண்டியதில்லை.

சம்பவம் நடந்த அன்று காலை ரேணுகா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாங்க, மாருல ஏதோ அடைச்சிக்கினு இருக்குது" என்றாள். நெற்றி முழுக்க வியர்வை. வாயுவாக இருக்கும் என்றேன். எதிர்வீட்டு நதியா குழந்தையைப் பள்ளிக்கு விடக் கிளம்பியவள் எட்டிப் பார்த்தாள்.

"சார், அம்மாவுக்கு எப்டி வேர்த்துக் கொட்டுது பாருங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடறேன்."

வேண்டாம் என்பதற்குள் போட்டுவிட்டாள். நல்ல பெண். பதற்றத்திலும் என் நம்பரைத்தான் கொடுத்தாள், சாவி என்னிடம் இருக்கிறது என்று. முனையில் ஆட்டோ நிற்கிறது, நானே அழைத்துப் போகிறேன், நீ குழந்தையை விட்டுவிட்டு வாம்மா என்றேன். அவள் போய்விட்டாள். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை.

ரேணுகாவுக்குச் செருப்பை எடுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரி பக்கந்தான், நடந்தே போய்விடலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எதிர்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை.

கோயில் பக்கமாக நடந்தோம், சந்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பாவில் கஞ்சி தடவிக்கொண்டிருந்த கதிர்வேல் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், காலங்காத்தால ஜோடியா வாக்கிங்கா? எங்க ஊட்டுக்காரிக்கும் கொஞ்சம் சொல்லு சார்" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்தார். "இன்னாம்மா ஆச்சு? சார், இரு சார், பாவைத் தூக்கிப் புடிக்கிறேன். அப்டியே பூந்து அந்தாண்ட வந்துட்டா என் வண்டி நிக்குது. கொண்டாந்து உட்டுடறேன்."

அவர் கைகளால் பாவை உயர்த்தியும்விட்டார். ரேணுகா குனியப் போனாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். கஞ்சி காயாத பாவு, இழை போனால் அவருக்குத்தான் நட்டம், வழக்கமில்லாததை எதற்குச் செய்வது என்றேன். "வெறும் வாயு, கதிர்வேல்" என்றும் சொன்னேன். பாவு முடியும் இடம்வரை போய், அதைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் திரும்பினோம்.

சந்தின் திருப்பத்தில் ஒரு பூக்கடை இருக்கிறது. அன்று திறக்கவில்லை. அதன் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடு வேறு நிறமாக இருந்தது. அப்போதுதான் என் போன் அடித்தது.

"சார், ஆம்புலன்ஸ். சங்கிலி போட்டிருக்குது. யார்கிட்ட சார் சாவி?"

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. "இதோ வர்றேன்பா" என்று சொல்லிவிட்டு, அவளை அங்கேயே இருக்கச் சொல்லி ரோட்டு முனைக்குத் திரும்பி நடந்தேன். நான் ஓடவில்லை என்று கதிர்வேல் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். பாவு நீட்டியிருக்கும்போது தெருவில் யாரும் ஓடுவதில்லை. நான் சாவியை வெளியே எடுத்து மறுபடி உள்ளே போட்டதைப் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மை.

டிரைவர் சின்ன வயசுக்காரர். "பேஷண்ட் எங்க சார்?" என்றார்.

"அவங்க அப்பவே ஆட்டோல போய்ட்டாங்கப்பா. உங்களுக்கு வீண் அலைச்சல்" என்றேன்.

"போய்ட்டாங்கன்னா சரி சார். நல்லாருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். நல்ல சுபாவம். அவர்மேல் எந்தக் குறையும் எழுத வேண்டாம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சென்ற மாதம் மார் வலித்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவை இப்படி ஆச்சுன்னா ஓரடிகூட நடக்க விடாதீங்க. உட்கார வெச்சுட்டு வண்டியைக் கூப்பிடுங்க. நடந்தா தாங்காது" என்றார். நான் அதை ரேணுகாவிடமோ மகனிடமோ சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பெட்டியை எடுத்திருப்பார்கள். மறந்துபோனேனா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. அவளுக்குச் செருப்பை எடுத்துப் போடும்போதும் நினைவிருந்தது.

திரும்பி வந்தபோது அவள் பூக்கடைக் கதவில் சாய்ந்திருந்தாள்.

"வண்டி சத்தம் கேட்டுச்சே?"

"அது வேற எங்கியோ" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு என் கையைப் பிடித்து, "செவிலிமேட்டுக்கே போயிடலாங்க. எனக்கு நடக்க முடியல" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அதுதான்.

"சரி, போகலாம்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அப்படியே மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் அந்தப் படியிலிருந்தே தெரிகிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் வந்து சேர்ந்திருப்பாள்.

தெரு முழுக்க வந்து தூக்கினார்கள். கதிர்வேல் பாதியிலேயே பாவைச் சுருட்டிவிட்டார், பட்டு வீணாகிவிட்டது. சந்தோஷ் இன்னும் என்னோடு பேசவில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மேலே எழுதியவை அனைத்தையும் நானே, சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் செய்தேன். மனசு உறுத்துகிறதா என்று கேட்டீர்கள். ஒன்று உறுத்துகிறது. போகும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லாதபோது, போகலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் முப்பது வருஷ வாழ்க்கையில் அவளுக்கு நான் செய்த துரோகம் அது ஒன்றுதான்.