கெல்சி கோவ் கப்பலின் அதிர்ஷ்டம்

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் கப்பலைக் குறை சொல்லவே முடியாது. அட்லாண்டிக் எவ்வளவு குலுக்கினாலும் சமையல்காரர் ஹிர்டில் பட்டாணி சூப்பைச் சூடாகக் கொடுத்துவிடுவார். அதை வயிற்றில் தக்கவைத்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்.

'கெல்சி கோவ்' சின்னக் காவல் கப்பல். சரக்குக் கப்பல்கள் கூட்டமாகக் கடலைக் கடக்கும்போது, மந்தையைச் சுற்றும் நாய்போல ஓடிக்கொண்டே இருப்போம். போர் முடியும்வரை எங்களில் ஒருவரையும் கடல் கொள்ளவில்லை. கப்பலின் வரலாற்றை எழுத வந்திருக்கும் நீங்கள் அந்த அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். காணாமல்போன நார்வேச் சரக்குக் கப்பல் 'சோல்வைக்' பற்றியும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

நான் விளக்குக்காரன். மற்றக் கப்பல்களுக்கு விளக்கைச் சிமிட்டிச் சேதி சொல்வேன். அவர்கள் சிமிட்டுவதைப் படித்துக் கேப்டனிடம் சொல்வேன். எங்கள் கப்பலில் அந்தப் பாஷை தெரிந்த இன்னொருவன், சோல்வைக் விஷயம் நடந்த அன்று குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்துக் கீழே கிடந்தான்.

நாற்பத்து மூன்றாம் வருஷக் குளிர்காலம். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சனிக்கிழமை, எங்கள் கப்பலிலேயே இருந்த என் நண்பன் லியாண்டர் கோமோவுக்கும் ரோசலிக்கும் அங்கே கல்யாணம். நான்தான் மாப்பிள்ளைத் தோழன்.

"பர்ட்டன், நீ பக்கத்துல இல்லாம நான் சர்ச் படி ஏற மாட்டேன்டா," என்றான்.

"ஏறாட்டி என்ன, ரோசலி உன் காதப் புடிச்சு இழுத்துட்டுப் போவா."

கப்பல் முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான் கூட்டத்தைவிட்டுப் பின்தங்கிவிட்ட சோல்வைக்கைப் பார்த்துவர எங்களை அனுப்பினார்கள். மத்தியான வெளிச்சத்தில் அதன் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. 'சுக்கான் உடைந்துவிட்டது. அருகில் நீர்மூழ்கி தெரிந்தது. எங்களை விட்டுப் போகாதீர்கள்.'

அனுப்பியவன் கைதேர்ந்தவன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"என்னய்யா சொல்றான்? ரொம்ப நேரமா கண்ணடிச்சுட்டே இருக்கான்?" என்றார் கேப்டன் ஹால்டேன்.

"சுக்கானச் சரிபண்ணிட்டாங்களாம் சார். பின்னாலயே வந்துக்கிறாங்களாம். நம்மள நிம்மதியாப் போகச் சொல்றாங்க."

"நல்ல மனுஷங்க! சரி, திருப்புங்கப்பா. மாப்பிள்ளை காத்துட்டிருக்கான்."

நின்றிருந்தால் அவர்களோடு ஆமைபோல ஊர்ந்து வந்திருப்போம். சனிக்கிழமை போயிருக்கும். நீர்மூழ்கி எங்களையும் குறிவைத்திருக்கலாம். அறுபது, எழுபது பேருடைய அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். நான் நினைத்தேன். கல்யாணத்தை முதலில் நினைத்தேன் என்பதும் உண்மைதான், அதில் என்ன தப்பு?

சோல்வைக் எந்தத் துறைமுகத்துக்கும் வந்து சேரவில்லை. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

கல்யாணம் அமர்க்களம். ரோசலியின் மாமா பிடில் வாசித்தார், கேப்டன் மேஜைமேல் ஏறி ஆடினார். லியாண்டர் தன் மூத்த பையனுக்கு என் பெயரையே வைத்தான். இன்றும் வருஷம் தவறாமல் கூடுகிறோம். கப்பலின் அதிர்ஷ்டத்துக்காக ரம் கோப்பையை உயர்த்துவார்கள். நானும் உயர்த்துவேன், கூச்சமாக இருக்கும். யார் கொடுத்த அதிர்ஷ்டம் என்று எனக்குத் தெரியுமே.

இதையெல்லாம் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாங்கள் கப்பலைத் திருப்பிய பிறகும் அந்த விளக்கு ஓயவில்லை. அதே வரியை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தான். கேப்டனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று நானும் விளக்கை எடுத்தேன். 'பயப்படாதீர்கள். உதவியோடு திரும்பி வருகிறோம்' என்று சிமிட்டினேன். உடனே நிறுத்திவிட்டான். தொலைநோக்கியில் பார்த்தேன். தளத்தில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி எங்களுக்கு அசைத்துக் காட்டினார்கள்.

அவர்களைச் சந்தோஷமாகத்தான் விட்டுவந்தேன்.