கடலுக்குள் ஆவடி

போன மாதம் ஆவடி பருத்திப்பட்டு ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, பிள்ளைகளைப் பரணில் ஏற்றிய பயம் எனக்கு இன்னும் போகவில்லை. மின்சார ரயிலில் எதிரே இரண்டு பேர்: கடல் சூட்டைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுபவர், அதே ஏரியோரம் வீடு கட்டும் அவருடைய மச்சான்.

“எங்க கணக்குல ஆவடி கடலுக்குள்ள இருக்கு, மச்சான்.”

“இன்னா மாப்ளே, பீதி கெளப்புற?”

“உலகத்தைப் பெரிய பெரிய கட்டமா பிரிச்சிருக்கோம். நம்ம கட்டத்துல பாதிக்கு மேல தண்ணி. அதனால மொத்தமும் கடல்.”

“கடல் எவ்ளோ சூடாவும்னு சொல்ற. ஏரி என் ஊட்டுக்கு வருமா, அத்த சொல்லு. அஸ்திவாரம் போடணும்.”

“கம்ப்யூட்டருக்கு உன் வீடே தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கறையைப் பாரு. அதுக்கு மேல ஏத்திப் போடு.”

ஆவடியில் இருவரும் இறங்கிப் போனார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கறை என் இடுப்பு வரை இருக்கிறது.