திங்கட்கிழமைப் பாடம்

நான் பிள்ளைகளை அடிப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. வெள்ளியங்கிரி வாத்தியார் பிரம்பைத் தொட மாட்டார் என்று சிங்காநல்லூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேருக்கும் இருந்த ஒரே கெட்ட பழக்கம் புறம் பேசுவது. இந்த 1937 ஆடியில் ஒருநாள், கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து முத்தாத்தாள் என்கிற பெண் சொன்னது காதில் விழுந்தது.

"நம்ம வாத்தியாரு பொன்னாத்தாக்காவைக் கட்டிக்கறேன்னு கேட்டாராமா. அக்கா மாட்டேன்னு சொல்லிப்போட்டாங்களாமா."

வகுப்பே சிரித்தது. செய்தி உண்மைதான். பொன்னாத்தாள் மில் வேலைக்குப் போகும் விதவை. வாழ்வு கொடுக்கலாம் என்று நான்தான் கேட்டேன். மறுத்தது அவள் இஷ்டம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தச் சிரிப்புத்தான் எட்டு நாள் சோறு இறங்க விடவில்லை.

பட்டால்தான் பிள்ளைகளுக்குப் புரியும் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் முத்தாத்தாளை மட்டும் நிறுத்தினேன்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு. பொன்னாத்தா பச்சைக் குழந்தை ஒண்ணைக் குளத்துல போட்டுட்டா. நானே பார்த்தேன்."

திங்கட்கிழமை அது பொய் என்று சொல்லி, பரப்பியவர்களைக் கை தூக்கச் சொல்வதாக இருந்தேன். அவ்வளவுதான் பாடம்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மில்லில் பொன்னாத்தாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் அவள் வீட்டின்மேல் கல் விழுந்தது. கூடப் பிறந்த அண்ணன் மருதாசலம் அவளுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. ஞாயிறு காலை என்னிடம் வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்களே பார்த்ததா ஊரே பேசுதுங்க. பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்க காலுல வேணும்னாலும் உழுகறேனுங்க."

அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குக் காலையில சொல்றேன் அம்மணி," என்றேன். அப்போதே சொல்லியிருந்தால் பாடம் பாதியில் நின்றிருக்கும். அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் குளத்துப் பக்கம் நடந்தாள். மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான்.

திங்களன்று உடலைக் கரைக்கு எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் மணி அடித்தேன். கை தூக்கச் சொன்னேன். முப்பத்திரண்டு கைகளும் எழுந்தன.

"நான் சொன்னது பொய். அவளைக் கொன்னது உங்க நாக்கு," என்றேன்.

முத்தாத்தாள் அன்றிலிருந்து வாயே திறக்கவில்லையாம். பாடம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஆத்திரம் ஒன்றே ஒன்றில்தான். வகுப்பில் நடந்தது வெளியே போகக் கூடாது என்று அத்தனை தரம் சொல்லியும், ஏதோ ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, ஐயா, அது இன்னும் திருந்தவில்லை.